2009 காணொளி, எலும்பு, டிஎன்ஏ: நீதிமன்றம் ஏற்கிற மாதிரிக் காப்பது எப்படி?

கனகராயன் எழுதியது:

வணக்கம். முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் பல வீடுகளில் போர் முடிஞ்ச 2009ஆம் ஆண்டுப் பொருள்கள் இன்னும் பெட்டிக்குள்ள கிடக்கு. ஓன் ஆகாத பழைய நோக்கியா போன், நகத்தளவு மெமரி காட், பூஞ்சணம் பிடிச்ச மினி டீவி கசற், லமினேற் பண்ணின குடும்பப் படம். இதுகளை வைச்சிருக்கிற அம்மாமாருக்கு எழுபது எண்பது வயசாகுது. எத்தனையோ பேர் காணாமல் போன பிள்ளையளைக் கேட்டுப் போராடின கொட்டிலிலயே காத்திருந்து கண்ணை மூடிட்டினம்.

அந்த மெமரி காட்டில இருக்கிறதை நாளைக்கு ஒரு நீதிமன்றம் ஏற்கிற மாதிரி வைச்சிருக்க என்ன செய்யவேணும்? கொக்குத்தொடுவாய் மனிதப் புதைகுழி மாதிரி ஒரு கிடங்கில எலும்பு எடுத்தால், அதோட பொருத்திப் பார்க்கக் குடும்பம் இப்பவே எதைத் தயாராக்கலாம்? தெரிஞ்சவை விளக்கமாய் எழுதுங்கோ. தயவுசெய்து யாற்றையும் பேரையோ படத்தையோ இங்க போடாதேங்கோ.

---

பாலியாறு எழுதியது:

மெமரி காட்டில் இருந்து தொடங்குகிறேன். அதிகம் கெடுவது அதுதான், கெடுப்பதும் நாங்கள்தான்.

"இருக்கா எண்டு பாப்பம்" என்று காட்டைப் புதுப் போனுக்குள் போடுவதுதான் முதல் பிழை. அன்ட்ரொயிட் போன் காட்டைக் கண்டவுடன் தன் பாட்டில் புதிய கோப்புறைகளையும் சிறுபடக் கோப்புகளையும் அதில் எழுதிவிடும். அழிந்த காணொளி மீளக் கிடைக்கக்கூடிய இடத்தின் மேல்தான் அது எழுதுகிறது. 2009 மெமரி காட்டில் 2025 தேதியிட்ட கோப்புகள் இருந்தால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு வேறு கேள்வியே தேவையில்லை.

சின்னக் காட்டைப் பெரிய எஸ்டி அடப்டருக்குள் செருகுங்கள். அடப்டரின் பக்கத்தில் சின்னப் பூட்டு ஒன்று உண்டு, அதைக் கீழே தள்ளிவிட்டுத்தான் கணினியில் போடவேண்டும். அந்தப் பூட்டை மதிக்காத மலிவான காட் ரீடர்களும் இருக்கின்றன. ஆகவே முதலில் ஒரு வெறும் மெமரி காட்டில் சோதித்துப் பாருங்கள். காட்டில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் ரைட் புளொக்கர் கருவி வைத்திருப்பவர் கிடைத்தால் அதுவே மேல்.

கோப்புகளைப் பிரதி பண்ணுவது இரண்டாவது வேலை. முதலில் முழு மெமரி காட்டையும் ஒரே இமேஜ் கோப்பாக எடுங்கள். எப்டிகே இமேஜர் என்ற இலவச மென்பொருள் போதும். அழிந்த பகுதிகளும் அதற்குள் வந்துவிடும். எடுத்து முடிந்ததும் எஸ்.எச்.ஏ-256 ஹாஷ் கணக்கிடுங்கள். 64 எழுத்தில் ஒரு வரி வரும். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அந்த வரி முற்றாக மாறிவிடும். அந்த 64 எழுத்தையும் கடதாசியில் எழுதி, தேதி, நேரம், இடம், பக்கத்தில் நின்ற இருவரின் கையெழுத்து எல்லாம் சேர்த்து, அதை ஒரு சத்தியக் கடதாசியாகச் சமாதான நீதவான் முன் முடித்துவிடுங்கள். பத்து வருடம் கழித்து "இடையில் மாற்றினீர்கள்" என்று யாரும் சொன்னால் அந்தக் கடதாசிதான் பதில்.

ஓன் ஆகாத போனைச் சார்ஜ் போடாதீர்கள். வீங்கின பற்றரியைக் கழற்றித் தனி உறையில் வையுங்கள். மண்ணுக்குள் புதைத்து எடுத்த போனை அரிசிக்குள் போடுவதும், கழுவுவதும், ஊரில் ரிப்பெயர் கடைக்குக் கொடுப்பதும் வேண்டாம். நினைவகச் சில்லு உயிரோடு இருந்தால் அதை நேரடியாக வாசிக்க ஆய்வுகூடத்தில் வழி உண்டு. ஈயம் வைத்து நோண்டிய பிறகு அந்த வழி அடைபடும்.

---

செட்டிகுளம் எழுதியது:

நல்ல தகவல். ஆனால் இவ்வளவு கஷ்டம் ஏன்? வட்ஸ்அப்பில் வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரருக்கு அனுப்பிவிட்டால் பிரதி பத்திரமாக இருக்கும்தானே?

---

பாலியாறு எழுதியது:

தம்பி, வட்ஸ்அப் காணொளியைச் சுருக்கி மறுபடி உருவாக்கித்தான் அனுப்புகிறது. எடுத்த கருவி, நேரம், இடம் பற்றிய உட்தகவல் போய்விடும், ஹாஷும் வேறாகிவிடும். போய்ச் சேர்வது இன்னொரு காணொளி. பேஸ்புக்கும் அப்படித்தான். கட்டாயம் அனுப்பவேண்டி வந்தால் "ஆவணம்" என்று தெரிவுசெய்து அனுப்புங்கள், கோப்பு அப்படியே போகும். போய்ச் சேர்ந்ததும் அங்கே ஹாஷ் எடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. முகத்தைத் தெளிவாக்கும் செயலிகளுக்குள் அந்தப் படங்களைப் போடவே வேண்டாம். மங்கின முகத்தில் இல்லாத கண்ணையும் மூக்கையும் செயற்கை நுண்ணறிவு தானாக வரைந்து தரும். தாய்க்கு அது பிள்ளை மாதிரியே தெரியும். பிறகு அந்த வரைந்த முகமே ஊரெல்லாம் சுற்றி, மூலப்படத்தையும் பொய் என்று தள்ள வழி செய்துவிடும்.

---

மாங்குளச் சந்தி எழுதியது:

சட்டப் பக்கத்தைச் சொல்கிறேன்.

இலங்கையில் ஒலி, ஒளிப் பதிவுகளுக்கும் கணினிச் சான்றுக்கும் 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சிய (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இருக்கிறது. பதிவு செய்த கருவி சரியாக இயங்கியதா, பதிவு மாற்றப்படாமல் அல்லது பாதுகாப்பான கட்டுக்காவலில் இருந்ததா என்பவை அங்கே கேட்கப்படும். அநேகர் தோற்பது அதன் 7ஆம் பிரிவில்தான். விசாரணைக்குக் குறித்த நாளுக்குக் குறைந்தது 45 நாள் முன்னதாக, எதிர்த்தரப்புக்கு அறிவித்து, சான்றுகளின் பட்டியலையும் பிரதியையும் நீதிமன்றில் கோவைப்படுத்த வேண்டும். எதிர்த்தரப்பு அறிவித்தல் கிடைத்து 15 நாளுக்குள் மூலத்தைப் பார்வையிடக் கேட்கலாம். வழக்குக்கு முதல் நாள் பென்ட்ரைவோடு வந்து நிற்கிறவர்களின் சான்று இந்த 45 நாளில்தான் அடிபடுகிறது.

பிறகு 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் வந்தது. அதன் 22ஆம் பிரிவு, அந்தச் சட்டம் பொருந்தும் இலத்திரனியல் ஆவணங்களுக்கு 1995ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது என்கிறது. எந்த வழக்குக்கு எது என்பதில் வாதம் உண்டு. அந்த வாதத்தில் உங்கள் சான்றைப் பணயம் வைக்காதீர்கள். இரண்டுக்கும் பொருந்தும்படி 45 நாள் அறிவித்தலைக் கொடுத்துவிடுங்கள், அதனால் நட்டம் ஒன்றும் இல்லை.

சத்தியக் கடதாசியில் என்ன எழுதவேண்டும் என்பதற்குச் சுருக்கமாக: யார் எடுத்தார், எந்தக் கருவி, எடுத்தவர் உயிருடன் இல்லையென்றால் யார் கையில் எப்போது வந்தது, அன்றிலிருந்து எங்கே இருந்தது, யார் யார் தொட்டார்கள். இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த மெனிக் பாம் முகாமுக்குள் கொண்டுபோனதா, வெளியே விட்டுப்போய்ப் பிறகு எடுத்ததா என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். இடையில் மூன்று வருடம் இருக்கிற இடம் தெரியாமல் இருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். இடைவெளி இருப்பதால் மட்டும் சான்று விழுவதில்லை. இடைவெளியை மறைத்தது பின்னர் வெளிப்பட்டால் முழுச் சாட்சியமும் விழும்.

வாக்குமூலம் தமிழில் எழுதப்பட்டதா என்று பார்த்த பின்பே ஒப்பம் வையுங்கள். அரசியலமைப்பின் 16ஆம் திருத்தத்துக்குப் பிறகு, 1988 முதல், வடக்குக் கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ். சிங்களத்தில் எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டினோம் என்பது போதாது, மொழிபெயர்ப்பின் எழுத்துப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். போனில் வரும் தானியங்கி மொழிபெயர்ப்பை நம்பி ஒப்பம் வைக்க வேண்டாம். "இராணுவத்திடம் கையளித்தோம்" என்பதும் "பிடிபட்டார்" என்பதும் ஆட்கொணர்வு மனுவில் வேறு வேறு வழக்குகள். 2022 டிசம்பரில் வவுனியா மேல் நீதிமன்றம், முள்ளிவாய்க்காலில் சரணடைந்தவர்களை மன்றில் நிறுத்தும்படி இராணுவத்துக்கு உத்தரவிட்ட மனுக்களின் அடிநாதமே அந்த "கையளித்தோம்" என்ற சொல்தான்.

---

வட்டுவாகல் எழுதியது:

இடமும் நேரமும் பற்றி.

கோப்பில் பதிவான நேரத்தை அப்படியே நம்பாதேங்கோ. பழைய போனில் பற்றரியைக் கழற்றினால் கடிகாரம் தொழிற்சாலைத் தேதிக்குத் திரும்பிவிடும். மெமரி காட்டின் கோப்பு முறைமையில் எந்த நாட்டு நேரம் என்ற குறிப்பும் இல்லை. போன் இன்னும் இயங்கினால், அதன் கடிகாரம் எவ்வளவு பிந்தி அல்லது முந்தி நிக்குது எண்டு ஒரு சரியான கடிகாரத்தோட வைச்சுப் படம் எடுத்து வையுங்கோ. திருத்தப் போகாதேங்கோ.

சமாதான காலப் பதிவுகளில் இன்னொரு பொறி இருக்கு. இலங்கை அரசு 1996இல் நேரத்தை மாத்தினபோது புலிகளின் கட்டுப்பாட்டில இருந்த வன்னியில் பழைய நேரமே இருந்தது. 2006 ஏப்பிரலில் நாடு முழுக்க மறுபடி ஒண்டானது. ஆகவே 2002-2006 காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எடுத்த பதிவுகளில் அரை மணி வித்தியாசம் வரும். வெளிநாட்டு நிபுணருக்கு இது தெரியாது, நீங்கள்தான் எழுதிக் குடுக்கவேணும்.

காணொளிக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கு, அதுதான் நிழல். முள்ளிவாய்க்கால் ஏறக்குறைய 9.3 பாகை வடக்கில் இருக்கு. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நடு மதியத்தில் சூரியன் நேர் உச்சியில் நிக்கும், நிழலே இராது. அதுக்குப் பிறகு சூரியன் எங்களுக்கு வடக்காலப் போகும். மே 18 அன்று அங்க சூரியன் உச்சம் ஏறுவது ஏறக்குறைய 12.04க்கு. அப்போது நிழல் தெற்குப் பக்கம் விழும், ஐந்தேகால் அடி ஆளுக்கு ஒரு அடிக்கும் குறைவான நிழல். அந்த மதியத்தில் எடுத்தது எண்டு சொல்லுற காணொளியில் நிழல் வடக்கே நீண்டு விழுந்தால், தேதியோ திசையோ ஏதோ ஒண்டு பிழை. திசையை அறிய நந்திக்கடல் கரை, வட்டுவாகல் பாலம், பனை வரிசை, கோயில் கோபுரம் ஆகியவற்றைச் செய்மதிப் படத்தோட பொருத்தவேணும்.

செய்மதிப் படத்தில ஆளைத் தேடாதேங்கோ. 2009இல் வாங்கக்கூடிய மிகக் கூர்மையான படத்தில ஒரு புள்ளி தரையில அரை மீற்றர். தறப்பாள் கொட்டில், பதுங்குகுழி வரிசை, செல் விழுந்த குழி தெரியும், மனிதர் தெரியாது. அமெரிக்க விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் 2009 மே 6, மே 10 ஆகிய இரண்டு நாள் படங்களை ஒப்பிட்டு, பாதுகாப்பு வலயத்தில் கொட்டில்கள் மறைந்ததையும் புதுக் குழிகளையும் காட்டினது இப்படித்தான்.

---

செட்டிகுளம் எழுதியது:

இதெல்லாம் செய்தாலும் "போலிக் காணொளி" என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவார்கள். இப்ப செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இன்னும் வசதி.

---

பாலியாறு எழுதியது:

அந்தச் சொல் செயற்கை நுண்ணறிவுக்கு முன்னமே வந்தது. 2009 ஓகஸ்டில் பிரித்தானியத் தொலைக்காட்சி சனல் 4 வெளியிட்ட, கைதிகளைச் சுட்டுக் கொல்லும் காணொளியை அரசு போலி என்றது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன் மூன்று தனித்துறை நிபுணர்களிடம் கொடுத்தார்: தடயவியல் நோயியல், சுடுகருவி, காணொளிப் பகுப்பாய்வு. 2010 ஜனவரியில் அது உண்மையானது என்றே அவர்களின் முடிவு அமைந்தது. துப்பாக்கி பின்னுதைப்பதும் இரத்தம் ஓடுவதும் உடல் விழுவதும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று தனித்தனியே பார்த்தார்கள்.

2017 ஓகஸ்டில் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் லிபியத் தளபதி அல்-வெர்பல்லிக்குப் பிடியாணை கொடுத்தபோது அதன் அடிப்படையில் சமூக ஊடகக் காணொளிகள் இருந்தன. அவர் 2021இல் கொல்லப்பட்டார், வழக்கு விசாரணைக்கே போகவில்லை. ஆகவே பிடியாணை பெறும் அளவுக்குக் காணொளி போதும் என்று மட்டும்தான் அதில் இருந்து சொல்லலாம்.

ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் பேர்க்லி பல்கலைக்கழக மனித உரிமை நிலையமும் 2020இல் வெளியிட்ட பேர்க்லி நெறிமுறை இந்த வேலைக்கு இன்று அளவுகோல். அதில் கேட்பவற்றில் பெரும்பகுதி மேலே சொன்னதுதான்: மூலத்தைத் தொடாதே, தொட்டதை எழுது, பிரதியில் வேலை செய்.

---

முறிகண்டி எழுதியது:

எலும்பு பற்றிய கேள்விக்கு வருகிறேன். இது நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023 ஜூன் 29 கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய்க்கு வாய்க்கால் வெட்டும்போது எலும்புகள் வெளிப்பட்டன. 2024 ஜூலையில் அகழ்வு முடியும்போது 52 பேரின் எச்சங்கள். இப்படியான இடத்தில் முதல் மணித்தியாலங்களில்தான் அதிகச் சேதம் நடக்கிறது. பெக்கோ வாளி ஒரு தரம் இறங்கினால் எந்தக் கை எந்த உடலுக்குரியது என்பது கலைந்துவிடும். கண்டவுடன் இயந்திரத்தை நிறுத்தி, தோண்டின மண்ணை அப்பால் கொண்டுபோக விடாமல், பொலிசுக்கும் நீதிவானுக்கும் அறிவிப்பதே வேலை. எலும்பைக் கையில் எடுத்துப் படம் பிடிக்க வேண்டாம்.

நிலத்தை ஊடுருவும் ராடர் எலும்பைக் காட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது காட்டுவது கிளறப்பட்ட மண்ணை. உலர்ந்த மணலில் இரண்டு மூன்று மீற்றர் ஆழம் வரை நன்றாக வாசிக்கும். களிமண்ணிலும் உப்பு நீர் ஏறிய மண்ணிலும் சமிக்ஞை சில அடிக்குள் செத்துவிடும். முல்லைத்தீவுக் கரையோர மணலில் மேலே நல்ல வாசிப்பு, உப்பு நீர்மட்டத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஆகவே ஆடி, ஆவணியில் செய்யவேண்டிய வேலை இது. ஐப்பசி மழை தொடங்கினால் கிடங்கும் நிரம்பும், ராடரும் குருடாகும். "ராடரில் ஒன்றும் இல்லை" என்ற அறிக்கை வந்தால், எந்த மாதம், எந்த மண், எந்த அலைவரிசை என்று கேளுங்கள்.

எடுத்த எலும்பை நிழலில் காயவைத்துக் கடதாசிப் பையில் வைக்கவேண்டும். பொலித்தீன் பையில் ஈரம் நின்று பூஞ்சணம் பிடித்தால் டிஎன்ஏ போய்விடும். டிஎன்ஏ நின்று பிடிக்கும் இடங்கள் தொடை எலும்பு, கடைவாய்ப்பல், காதின் உட்பகுதியைச் சூழ்ந்த பாறை எலும்பு. எங்கள் சூடும் ஈரமும் டிஎன்ஏயைத் துண்டு துண்டாக்கும் என்பதால் ஒரே எலும்பில் பலமுறை முயலவேண்டி வரலாம்.

---

கனகராயன் எழுதியது:

முறிகண்டி அண்ணை, மன்னாரில சதொசக் கடைக்கு வெட்டின இடத்தில எடுத்த எலும்புகளை, வயதறியிற காபன் பரிசோதனை 15ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டு வரை எண்டு சொல்லிச்சு. மெஷினே பொய் சொல்லிட்டுது எண்டு சனம் கதைக்குது. கடல் மீன் சாப்பிட்டால் வயது கூடக் காட்டும் எண்டும் ஒரு கதை இருக்கு.

---

முறிகண்டி எழுதியது:

2018இல் தோண்டத் தொடங்கி 300க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. காபன் பரிசோதனைக்கு அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள ஆய்வுகூடத்துக்குப் போனது ஆறு மாதிரி. 2019 மார்ச்சில் வந்த விடை கி.பி. 1404 முதல் 1635 வரை.

மீன் கதையில் பாதி உண்மை. கடலுணவு அதிகம் உண்டவரின் எலும்பு சில நூறு வருடம் பழையதாகக் காட்டக்கூடும். ஆனால் 1950கள், 60களில் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில், வயதை அறிய அளக்கும் காபன்-14 அளவை 1963 அளவில் இரட்டிப்பாக்கின. அதற்குப் பின் பிறந்து வளர்ந்த எவரின் பல் எனாமலிலும் அந்த அடையாளம் இருக்கும். 1990இல் இறந்த இளைஞரை எந்த மீன் சாப்பாடும் 1500ஆம் ஆண்டுக்காரர் ஆக்காது. அந்த ஆறு மாதிரிக்கு இயந்திரம் சொன்னதை மறுக்கக் காரணம் தெரியவில்லை. கேட்கவேண்டிய கேள்வி வேறு: ஆறு பேரின் விடை 300 பேரின் விடையா? அந்த ஆறும் எந்தப் படையில் இருந்து எடுக்கப்பட்டன? ஒரே நிலத்தில் பழைய இடுகாடும் புதிய புதைப்பும் இருக்கலாம். ஒவ்வொரு படைக்கும், ஒழுங்காக அடுக்கிய உடலுக்கும் கும்பலாகக் கிடந்த உடலுக்கும் தனித்தனி மாதிரி எடுக்கவேண்டும் என்று குடும்பங்களின் சட்டத்தரணி அகழ்வு நடக்கும்போதே கேட்டு வழக்கேட்டில் பதியவைக்க வேண்டும். முடிவு வந்த பின் கேட்டால் அது முறைப்பாடாக மட்டும் நிற்கும்.

இனிக் குடும்பத்தின் பங்கு. தாயும் தகப்பனும் இருவரும் கொடுப்பதே மிகச் சிறந்த மாதிரி. ஒருவர் இல்லையென்றால் மற்றவரோடு கூடப் பிறந்தவர்களில் எத்தனை பேர் முடியுமோ அத்தனை பேர். காணாமல் போனவருக்குப் பிள்ளை இருந்தால் பிள்ளையும் பிள்ளையின் மற்றப் பெற்றோரும். ஒரே ஒரு சகோதரம் மட்டும் என்றால் பெரும்பாலும் போதாது. பொஸ்னியாவில் காணாமற்போனோருக்கான சர்வதேச ஆணைக்குழு 99.95 வீத நிச்சயம் இல்லாமல் பெயர் சொல்வதில்லை. ஸ்ரெப்ரெனிக்காவில் கொல்லப்பட்ட ஏறக்குறைய 8,000 பேரில் 7,000 அளவில் அடையாளம் காண முடிந்ததற்குக் காரணம் உறவினர் இரத்த மாதிரிகளைப் பெருமளவில் முன்கூட்டியே சேர்த்தது.

எங்கள் ஊர்களுக்குரிய சிக்கல்கள் இரண்டு. சொந்தத்துக்குள் கலியாணம் செய்த குடும்பங்களில் மச்சான் முறைக்காரரும் கிட்டத்தட்டப் பொருந்துவார்கள், ஆகவே குடும்ப மரத்தை ஒளிக்காமல் எழுதிக் கொடுக்கவேண்டும். இரண்டாவது, ஒரு தாய்க்கு இரண்டு ஆண் பிள்ளைகளும் காணாமல் போயிருந்தால், அது அவரின் மகன் என்று டிஎன்ஏ சொல்லும். மூத்தவனா இளையவனா என்று சொல்லாது. அதற்கு வயது, உயரம், பழைய முறிவு, செல் துண்டுக் காயம், உள்ளே வைத்த தகடு, செயற்கைக் கால், கட்டின பல், போராளிகள் அணிந்த இலக்கத் தகடு வேண்டும். இவற்றை இப்போதே ஒரு கடதாசியில் எழுதுங்கள். கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே இருந்தால் எறியவேண்டாம்.

வீட்டில் நேரடி மாதிரியே இருக்கலாம். பிள்ளையின் காய்ந்த தொப்புள்கொடியைத் தாயத்துக்குள் அடைத்துக் கட்டும் வழக்கம் எங்களிடம் உண்டு. அந்தத் தாயத்து பெட்டிக்குள் கிடந்தால் திறக்கவோ கழுவவோ வேண்டாம், கடதாசி உறையில் போட்டுப் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். விழுந்த பால் பல்லும் அப்படித்தான். கழுவின சட்டையில் எதிர்பார்க்க அதிகம் இல்லை. வேர் இல்லாத மயிரில் பெரும்பாலும் தாய்வழி டிஎன்ஏ மட்டும் கிடைக்கும்.

---

ஒட்டுசுட்டான் எழுதியது:

டிஎன்ஏ கொடுக்கச் சொல்வதற்கு முன் ஒரு விசயம். அது யாரின் கையில் இருக்கும்? பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 முதல் இருக்கிற நாட்டில், ஒரு முழு மாவட்டத்தின் குடும்ப மரபணுவை அரசின் அலுமாரியில் வைப்பது சின்ன விசயம் இல்லை. ஒரு ஆளின் மாதிரி அவரின் அண்ணன், பிள்ளை, இன்னும் பிறக்காத பேரன் எல்லோரையும் காட்டிக்கொடுக்கும். முகம் அறியும் மென்பொருளுக்குப் போராட்டக் கொட்டில் படங்களைக் கொடுப்பதும் அதே அபாயம்.

இராணுவ ஆட்சியில் காணாமல் போனவர்களின் பிள்ளைகளைத் தேடிய ஆர்ஜென்டீனாப் பாட்டிமார் 1987இல் சட்டம் மூலமே ஒரு தேசிய மரபணு வங்கியைப் பெற்றார்கள். அதன் நோக்கம் களவுபோன பேரப்பிள்ளைகளைக் கண்டுபிடிப்பது. எங்களுக்கும் நோக்கம் எழுத்தில் வேண்டும்.

---

மாங்குளச் சந்தி எழுதியது:

அக்கா சொல்வது சரி. அதனால் கொடுக்காமல் விடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். தாய் இறந்தால் அந்த மாதிரி திரும்பி வராது. இரண்டையும் பிரிக்கலாம்: எடுப்பது இன்று, கையளிப்பது நிபந்தனை ஒத்துவந்த பிறகு.

சம்மதப் படிவத்தில் இவற்றைக் கேளுங்கள். காணாமல் போனவரை அடையாளம் காண மட்டுமே பயன்படும், குற்ற விசாரணைத் தரவோடு ஒப்பிடப்படாது. பெயருக்குப் பதில் இலக்கம். பெயர்ப் பட்டியல் வேறு கையில். குடும்பம் கேட்டால் அழிக்கப்படும். படிவம் தமிழில், ஒரு பிரதி குடும்பத்திடம். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குக் கொடுத்தாலும், நீதிவான் உத்தரவில் சட்ட வைத்திய அதிகாரிக்குக் கொடுத்தாலும் இதே படிவம்.

ஜெனிவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் 2021ஆம் ஆண்டின் 46/1 தீர்மானத்தின் கீழ் சான்று சேர்க்கும் பிரிவுக்குக் காணொளி கொடுப்பவர்கள் பிரதியையும் ஹாஷையும் கொடுங்கள், மூலக் காட் உங்களிடம் இருக்கட்டும். வேறொரு நாட்டின் வழக்குத்தொடுநருக்குக் காட்டச் சம்மதமா என்று கேட்பார்கள். யோசித்து விடை சொல்லுங்கள், எழுதியதை வைத்திருங்கள்.

---

கனகராயன் எழுதியது:

கடைசியாய் ஒண்டு. எண்பத்திரண்டு வயசு, படுக்கையில இருக்கிற ஒரு தாயிட்ட இருந்து மாதிரி எடுத்து வைக்கிறது எப்பிடி?

---

முறிகண்டி எழுதியது:

விரல் நுனியில் குத்தி, எப்டிஏ காட் என்னும் இரசாயனம் தடவின கடதாசியில் நாலு வட்டமும் நிரம்ப இரத்தம் விடவேண்டும். ஆஸ்பத்திரியில் வேலைசெய்யும் தாதி செய்யக்கூடிய வேலை. நிழலில் இரண்டு மூன்று மணி நேரம் காயட்டும், வெயிலோ மின்விசிறியின் நேர்க்காற்றோ வேண்டாம். காய்ந்ததும் கடதாசி உறை, அதற்கு வெளியே சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு மூடிய டப்பா. குளிர்பெட்டி தேவையில்லை, வருடக்கணக்கில் நிற்கும்.

காட் கிடைக்காவிட்டால் கன்னத்தின் உட்புறத்தைக் கிருமி நீக்கிய பஞ்சுக் குச்சியால் ஒவ்வொரு பக்கமும் முப்பது வினாடி தேயுங்கள். அதற்கு முன் அரை மணி நேரம் சாப்பாடு, வெற்றிலை ஒன்றும் வேண்டாம், வாயை வெறும் தண்ணீரால் கொப்பளிக்கட்டும். ஒருவருக்கு நாலு குச்சி. எடுப்பவர் கையுறையும் வாய்மூடியும் போடவேண்டும், குச்சி நுனியில் பேசக்கூடக் கூடாது. நன்றாகக் காயாமல் உறையில் போட்டால் ஒரு கிழமையில் பழுதாகிவிடும்.

உறையின் மூடியில் தாய் கைநாட்டு வைக்கட்டும், மூடியின் குறுக்காக. எடுத்த தேதியும் நேரமும், எடுத்தவர் பெயர், கிராம சேவகர் பிரிவு, காணாமல் போனவர் அவருக்கு என்ன முறை. ஒரே மாதிரியாக இரண்டு உறை செய்து இரண்டு வீட்டில் வையுங்கள்.